விஎஸ் கோடுக்கு ஒரு ஃபைல் கம்பேர் எக்ஸ்டென்ஷன்: எழுதறதுல இருந்து பட்டறை கம்ப்யூட்டர்ல ஏத்தற வரைக்கும்

என்ற மாமாவுக்கு குறிச்சி சிட்கோ பக்கத்துல ஒரு பட்டறை இருக்குதுங்க, பம்ப் ஷாஃப்ட் ஜாப் ஒர்க், மூணு சிஎன்சி லேத். போன வருசம் ஒருநா நைட் ஷிஃப்டுல ஒரு புரோகிராம்ல ஃபீடை (டூல் நகர்ற வேகம்) மாத்தி, பிளாக் நம்பரையும் (வரி ஆரம்பத்துல வர்ற வரிசை எண்) மொதல்ல இருந்து மறுபடி போட்டு சேவ் பண்ணிட்டாங்க. காலைல பழைய ஃபைலையும் புது ஃபைலையும் விஎஸ் கோட்ங்கற எடிட்டர்ல கம்பேர் போட்டா 600 வரியும் சிவப்பு. நெசமா மாறுனது ஒரே ஒரு வரி. அதைக் கண்ணால தேடி எடுக்கறதுக்குள்ள மத்தியானம் ஆயிருச்சு, அதுவரைக்கும் மெஷின் நின்னுட்டே இருந்துச்சு. "ஏங்கண்ணு, நீ கம்ப்யூட்டர் சோலிதான பார்க்கற, இந்த நம்பரை உட்டுப்போட்டு மத்ததை மட்டும் காட்டற மாதிரி பண்ண முடியாதா"ன்னு மாமா கேட்டார்.

பண்ணேன், ஆனா நாலு மாசம் ஆச்சு. அதுல பாதிக்கு மேல, எங்கயும் தெளிவா சொல்லாத விசயத்துல முட்டி முட்டி நின்னதுதான். இதே வேலைக்கு வர்றவங்க ஒரு மாசத்துல முடிக்கணும்னு எல்லாத்தையும் வரிசையா எழுதறேன். கமாண்டு பேர், செட்டிங் பேரெல்லாம் உச்சரிக்கற மாதிரியே தமிழ்ல போட்டிருக்கேன், அடிக்கறப்ப இங்கிலீஷ்ல அடிச்சுக்குங்க.

1. மொதல்ல இது உங்களுக்கு வேணுமான்னு பாருங்க

விஎஸ் கோட்லயே கம்பேர் இருக்கு. ஒரு ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி "செலக்ட் ஃபார் கம்பேர்", இன்னொண்ணு மேல "கம்பேர் வித் செலக்டட்", அவ்வளவுதான். சாதா கோட் ஃபைலுக்கு இதுவே ஏராளம்.

நீங்க தனியா ஒண்ணு எழுதணும்னா, உங்க ஃபைல்ல "எழுத்து வேற, அர்த்தம் ஒண்ணு"ங்கற மாதிரி ஏதாவது இருக்கணும். எங்களுக்கு அது பிளாக் நம்பர். உங்களுக்கு தேதி முத்திரையா இருக்கலாம், ஏற்றுமதி ஆர்டர் ஃபைல்ல நெடுவரிசைங்க இடம் மாறி வர்றதா இருக்கலாம். அப்படி ஒண்ணு கூட இல்லைன்னா இங்கயே நிறுத்திக்குங்க, நேரம் மிச்சம்.

2. கையில இருக்க வேண்டியது, செலவு, நாள் கணக்கு

நோட் ஜேஎஸ், விஎஸ் கோட், கிட் போதும், மூணும் இலவசம். எக்ஸ்டென்ஷனோட எலும்புக்கூட்டை உருவாக்கித் தர "யோ கோட்"னு ஒரு கருவி இருக்கு, அதை ஓட்டி டைப்ஸ்கிரிப்ட் தேர்வு பண்ணிக்குங்க, பண்டிலர் கேட்டா ஈஎஸ்பில்டு. அஞ்சு நிமிஷத்துல எஃப்5 அடிச்சா ரெண்டாவது ஜன்னல் திறந்து உங்க எக்ஸ்டென்ஷன் ஓடும்.

வெளியிடறதுக்கு ஒரு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட், அதே அக்கவுண்ட்ல அசூர் டெவ்ஆப்ஸ், மார்க்கெட்பிளேஸ்ல (விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷன் எல்லாம் கிடைக்கற இடம்) ஒரு பப்ளிஷர் ஐடி வேணும். அதோட ரீட்மி, சேஞ்ச்லாக், லைசன்ஸ் ஃபைல், 128க்கு 128 பிக்சலுக்குக் குறையாத பிஎன்ஜி ஐகான். எஸ்விஜி ஐகான் ஏத்துக்க மாட்டாங்க, நான் எஸ்விஜில பண்ணி வெச்சுட்டு மறுபடி மாத்த வேண்டி வந்துச்சு.

மார்க்கெட்பிளேஸ்ல போடறதுக்குப் பணம் ஒண்ணும் கிடையாது. எனக்கு ஆன செலவு ஐகான் வரைஞ்சு கொடுத்த பையனுக்கு 500 ரூபாயும், ரெண்டு பென்டிரைவும்தான். யாராவது "பதிவுக் கட்டணம்"னு கேட்டா கொடுக்காதீங்க.

நாள் கணக்கு சொல்லணும்னா, பொழுதோட வீட்டுக்கு வந்து தினம் ரெண்டு மணி நேரம் உக்கார்றவங்களுக்கு எழுத்து வேலை மூணு வாரம், பழைய கம்ப்யூட்டர்ல ஓட வைக்க நாலு நாள், வெளியிட ஒரு சாயங்காலம். பட்டறையில ஆளுங்களை உக்கார வெச்சு சரி பாக்கறதுக்கு ஒரு வாரம் தனியா ஒதுக்குங்க. அதை மட்டும் குறைக்காதீங்க.

3. நாலு துண்டா பிரிச்சு எழுதுங்க

நான் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல எழுதிட்டு பொறவு பிரிச்சேன், ரெட்டை வேலை. மொதல்லயே நாலா பிரிங்க.

படிக்கறது, வடிகட்டறது, ஒப்பிடறது, காட்டறது.

படிக்கற துண்டு ஃபைலை எடுத்து வரி வரியா உடைக்கும். இதுல நோட்டோட எஃப்எஸ்ஸை நேரா கூப்பிடாம "விஎஸ்கோட்.ஒர்க்ஸ்பேஸ்.எஃப்எஸ்" வழியா படிங்க, அப்பத்தான் வேற மெஷின்ல ரிமோட்டா இருக்கற ஃபைலும் வரும். வடிகட்டற துண்டு எதையெல்லாம் கண்டுக்க வேண்டாமோ அதை எடுக்கும். இது விஎஸ் கோட் பேரையே தொடக் கூடாது, வெறும் எழுத்து உள்ள போய் எழுத்து வெளிய வரணும், அப்படி இருந்தாத்தான் எடிட்டரைத் திறக்காமயே நூறு டெஸ்ட் ஓட்டலாம். ஒப்பிடறதும் அதே மாதிரி. காட்டறது மட்டும்தான் எடிட்டரோட பேசணும்.

இதுல ஒரே ஒரு சட்டம், அதை உடைச்சா எல்லாம் கெடும்: வடிகட்டின ஒவ்வொரு வரியும் தன்ற அசல் வரி எண்ணைக் கையிலயே வெச்சிருக்கணும். வெறும் எழுத்து வரிசையா அனுப்பாம "எழுத்து, அசல் வரி எண்"னு ஜோடியாவே அனுப்புங்க. ஏன்னா பாக்கறவர் திரையில 212வது வரி மாறியிருக்குன்னு பார்த்துட்டு மெஷின்ல போய் 212வது வரியைத்தான் திருத்துவார். அது அசல்ல 215ஆ இருந்தா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க.

4. எதை ஒதுக்கறது: நிதானமா செய்ய வேண்டிய இடம்

இந்தத் துண்டுக்குத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆச்சு, அது நியாயமும் கூட. கம்பேர்ல சும்மா சிவப்பு காட்டுனா எரிச்சல் மட்டும்தான், காட்ட வேண்டியதை மறைச்சா டூல் உடையும், ஜாப் போகும், ஆளுக்கே அடிபடும். அதனால ஒவ்வொரு ஒதுக்கலையும் மெஷின் ஓட்டற ஆளோட உக்காந்து முடிவு பண்ணுங்க, நீங்களா பண்ணாதீங்க.

பிளாக் நம்பர். வரி ஆரம்பத்துல என்10, என்20ன்னு வர்றது. எடுத்துட்டா போச்சுன்னுதான் நானும் எழுதினேன். மாமா பட்டறையில இருக்கற மூத்த ஆபரேட்டர் அண்ணன் ஒருத்தர் பார்த்துட்டு "தம்பி, ஜி71ல பியும் கியூவும் என்ன பண்ணுவ"ன்னு கேட்டார். லேத்துல ஜி70, ஜி71, ஜி72, ஜி73 சைக்கிள் எல்லாம் எந்த பிளாக்ல ஆரம்பிச்சு எந்த பிளாக்ல முடிக்கணும்னு பி, கியூன்னு போட்டு அந்த பிளாக் நம்பரைத்தான் காட்டும். நீங்க பிளாக் நம்பரைக் கண்ணை மூடிட்டு எடுத்துட்டா, பி தப்பான இடத்தைக் காட்டறது கம்பேர்ல தெரியவே தெரியாது. அதனால மொத ஓட்டத்துல இந்த நாலு சைக்கிள் வரியில இருக்கற பி, கியூ நம்பரையும், மேக்ரோல கோடூ போற நம்பரையும் சேகரிச்சுக்குங்க, ரெண்டாவது ஓட்டத்துல அந்த நம்பர் உள்ள வரியை மட்டும் தொடாம விட்டுட்டு மத்ததுல எடுங்க. நம்பர் மாத்திப் போட்டிருந்தா அந்த ரெண்டு மூணு வரி சிவப்பாத்தான் வரும். வரட்டும், ஒரு ஆள் அதைப் பாக்கத்தான் வேணும். இன்னொண்ணு, எல்லா பியையும் பிளாக் நம்பர்னு எடுத்துக்காதீங்க: எம்98ல பி சப் புரோகிராம் நம்பர், ஜி04ல பி நிக்கற நேரம்.

வரி முன்னாடி சாய்கோடு போட்டு, அதுக்கப்பறம் பிளாக் நம்பர் வந்தா, நம்பரை எடுங்க, சாய்கோட்டை எடுக்காதீங்க. பிளாக் ஸ்கிப் ஸ்விட்ச் போட்டா அந்த வரியை மெஷின் தாண்டிரும். சாய்கோடு இருக்கறதும் இல்லாததும் ரெண்டு வேற புரோகிராம்.

ஜி0, ஜி00. எம்3, எம்03. இதெல்லாம் ஒண்ணுதான், முன்னால இருக்கற சைபரை எடுத்துடலாம், பிரச்சினை இல்லை.

புள்ளி. இதை ரெண்டு தடவை படிங்க. எக்ஸ்10ன்னு இருக்கறதும், எக்ஸ்10க்குப் பின்னாடி ஒரு புள்ளி வெச்சிருக்கறதும் ஒண்ணு இல்லை. பல ஃபேனக் கண்ட்ரோல்ல (சிஎன்சி மெஷினை ஓட்டற கண்ட்ரோல்ல ஒரு கம்பெனி), செட்டிங்கைப் பொறுத்து, புள்ளி இல்லாத 10ன்னா 0.010 மில்லிமீட்டர், புள்ளி இருந்தா 10 மில்லிமீட்டர். கோட் எழுதறவங்களுக்கு "ரெண்டும் நம்பர்தானே, நம்பரா மாத்தி ஒப்பிட்டா சுத்தமா இருக்கும்"னு கை அரிக்கும். மாத்தவே மாத்தாதீங்க, எழுத்தாவே ஒப்பிடுங்க.

அடைப்புக்குறிக்குள்ள வர்ற கமெண்ட். இதை ஒதுக்கறது ஆன், ஆஃப்னு ஒரு செட்டிங்கா வைங்க, ஆரம்பத்துல ஆஃப்ல இருக்கட்டும். டூல் நம்பர், ஜா (ஜாப்பைப் பிடிக்கற தாடை) அளவெல்லாம் கமெண்ட்லதான் எழுதி வெக்கறாங்க.

காலி வரி. மெஷின்ல இருந்து கேபிள் வழியா வாங்கின ஃபைல்ல ஒவ்வொரு வரிக்கும் நடுவுல ரெண்டு காலி வரி வரும், ஏன்னா சில கண்ட்ரோல் வரி முடிவுக்கு எல்எஃப், சிஆர், சிஆர்னு மூணு குறி அனுப்பும், எடிட்டர் அதை மூணு வரி முடிவா எண்ணும். இதுக்குத்தான் மேல சொன்ன அசல் வரி எண் ஜோடி, காலி வரியை எடுத்தாலும் கணக்கு தப்பாது.

செட்டப் ஷீட்டை தமிழ்ல அடிச்சு வெச்சிருக்கீங்கன்னா இன்னொரு பொறி இருக்கு. "கொ"ங்கற எழுத்துல கொம்பும் காலும் ஒரே குறியாவும் இருக்கலாம், தனித்தனி ரெண்டு குறியாவும் இருக்கலாம், எந்த கீபோர்டுல அடிச்சாங்கங்கறதைப் பொறுத்தது. கண்ணுக்கு ஒண்ணுதான், கம்பேருக்கு வேற. ஒப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்தையும் யூனிகோட்ல என்எஃப்சிங்கற ஒரே வடிவத்துக்கு நார்மலைஸ் பண்ணிட்டா சரியாயிரும், ஜாவாஸ்கிரிப்ட்லயே அதுக்கு ஃபங்ஷன் இருக்கு. ஆனா "கௌ"வுக்கு கொம்புக்கு அப்பறம் ள-வை அடிச்சு வெச்சிருந்தா என்எஃப்சி காப்பாத்தாது, அது நெசமாவே வேற எழுத்து. சிவப்பா வந்தா திருத்தச் சொல்லிடுங்க.

5. ஒப்பிடற கணக்கை நீங்களா எழுதாதீங்க

ரெண்டு பக்கமும் பொதுவா இருக்கற வரிகளைக் கண்டுபிடிக்க காலேஜ்ல படிச்ச எல்சிஎஸ் டேபிள் ஞாபகம் இருக்கேன்னு நான் எழுதினேன், மூணு வாரம் போச்சு. 600 வரிக்கு அருமையா ஓடுச்சு. 10,000 வரி இருக்கற ரெண்டு ஃபைலுக்கு அந்த டேபிள்ல 10 கோடி கட்டம், கட்டத்துக்கு 4 பைட்னா 40 கோடி பைட், பட்டறை கம்ப்யூட்டர் அப்படியே உறைஞ்சு போச்சு. மோல்டு அச்சு வேலைக்கு சிஏஎம் சாஃப்ட்வேர்ல (டிராயிங்ல இருந்து புரோகிராம் உருவாக்கறது) இருந்து வர்ற புரோகிராம் எல்லாம் லட்சம் வரி தாண்டும், அங்க இது பேச்சுக்கே இடமில்லை.

வித்தியாசம் கம்மியா இருந்தா வேகமா முடியற மயர்ஸ் முறைதான் கிட்டும் வழக்கமா பயன்படுத்தறது. அதே முறையில எழுதின "டிஃப்"னு ஒரு என்பிஎம் பேக்கேஜ் இருக்கு, அதையே எடுத்துக்குங்க. பிஎஸ்டி 3 கிளாஸ் லைசன்ஸ், காசு வாங்கி விக்கற எக்ஸ்டென்ஷன்லயும் போடலாம், ஆனா அவங்க காப்பிரைட் வரியை உங்க பேக்கேஜுக்குள்ள வெச்சே ஆகணும். மூணாம் தரப்பு அறிவிப்புன்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் சேர்த்துடுங்க, பத்து நிமிஷ வேலை.

கூடவே ரெண்டு பக்கமும் மேல இருந்து ஒரே மாதிரி இருக்கற வரியையும், கீழ இருந்து ஒரே மாதிரி இருக்கறதையும் மொதல்லயே கழிச்சுட்டு நடுவுல மிஞ்சறதை மட்டும் கொடுங்க. நம்ம ஃபைல்ல பெரும்பாலும் மாறுறது நாலு வரிதான், அதனால கணக்கு முக்கால்வாசி இதுலயே முடிஞ்சுரும்.

பெரிய ஃபைலுக்கு இந்தக் கணக்கை ஒர்க்கர் த்ரெட்ல ஓட்டுங்க. எல்லா எக்ஸ்டென்ஷனும் ஒரே எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட்லதான் ஓடுது, நீங்க அங்க பத்து செகண்ட் பிடிச்சுட்டு நின்னா மத்தவங்க எக்ஸ்டென்ஷனும் சேர்ந்து நிக்கும்.

6. திரையில காட்டறது

தனியா ஒரு வெப்வியூ செஞ்சு கலர் கலரா காட்டலாம்னு ஆசை வரும். வேண்டாம். தேடறது, எழுத்து அளவு, தீம், கீபோர்டு எல்லாத்தையும் நீங்களே மறுபடி செய்யணும்.

எளிய வழி: உங்களுக்குன்னு ஒரு யூஆர்ஐ ஸ்கீம் பேர் வெச்சு, டெக்ஸ்ட் டாகுமெண்ட் கன்டென்ட் புரொவைடர் ஒண்ணைப் பதிவு பண்ணுங்க. அது வடிகட்டின எழுத்தைக் கொடுக்கும். பொறவு "விஎஸ்கோட்.டிஃப்" கமாண்டுக்கு இடது யூஆர்ஐ, வலது யூஆர்ஐ, தலைப்பு மூணையும் கொடுத்தா எடிட்டரோட சொந்த கம்பேர் ஜன்னலே திறக்கும். அதுல வித்தியாசத்தை அதுவே கணக்குப் போட்டுக்கும். அப்ப அஞ்சாவது படி எதுக்குன்னா, "எந்தெந்த வரி மாறியிருக்கு"ன்னு சூப்பர்வைசருக்கு ஒரு பட்டியல் பிரிண்ட் எடுக்க. பட்டியல் வேண்டாம்னா அதை உட்டுருங்க.

கவனிக்க வேண்டியது: யூஆர்ஐயோட கடைசியில அசல் ஃபைலோட எக்ஸ்டென்ஷன் இருக்கட்டும், இல்லைன்னா எழுத்துக் கலர் போயிரும். அசல் ஃபைல் மாறுனா சேஞ்ச் ஈவெண்டைத் தட்டி விடுங்க, இல்லைன்னா பழைய எழுத்தே நிக்கும். இந்த ஜன்னல்ல திருத்த முடியாது, படிக்க மட்டும்தான், அதனால "அசல் வரிக்குப் போ"ன்னு ஒரு கமாண்டு கட்டாயம் வைங்க. தலைப்புலயும் "வடிகட்டியது"ன்னு எழுதுங்க, பாக்கறவர் இதுதான் அசல்னு நம்பிடக் கூடாது.

எடிட்டர்லயே மூணு செட்டிங் இருக்கு, தெரிஞ்சு வெச்சுக்குங்க. வரி ஓர இடைவெளி வித்தியாசத்தை அது சொல்லாமயே ஒதுக்கும், இக்னோர் ட்ரிம் ஒயிட்ஸ்பேஸ்ங்கறது ஆரம்பத்துலயே ஆன்ல இருக்கு. கணக்குக்கு 5000 மில்லி செகண்ட் எல்லை, அதுக்கு மேல போனா பாதிக் கணக்குலயே காட்டிரும். ஃபைல் அளவு எல்லை 50 எம்பி.

7. விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்

பட்டறையில மெஷின் பக்கத்துல இருக்கற கம்ப்யூட்டரை யாரும் மாத்த மாட்டாங்க, கேபிள் சாஃப்ட்வேர் அதுலதான் ஓடுது. விண்டோஸ் 7ல ஓடற கடைசி விஎஸ் கோட் 1.70. இது எனக்குத் தெரியறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் புது வெர்ஷன்ல எழுதி முடிச்சிருந்தேன்.

அதனால பேக்கேஜ் ஜேசன்ல என்ஜின்ஸ் கீழ விஎஸ்கோட் வெர்ஷனை ^1.70.0ன்னு போடுங்க (^ குறி இல்லைன்னா அந்த ஒரே வெர்ஷன்னு அர்த்தம்), டைப்ஸ் பேக்கேஜையும் அதே 1.70க்கு இறக்குங்க, டைப்ஸ் வெர்ஷன் என்ஜினை விட மேல இருந்தா பேக் பண்ற கருவியே மறுத்துரும். ஈஎஸ்பில்டு டார்கெட் நோட் 16.

எனக்கு ரெண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது வேற ஒண்ணு. என்ற லேப்டாப்ல ஓடுது, அங்க போனா "கமாண்டு நாட் ஃபவுண்ட்". காரணம், 1.74ல இருந்துதான் பேக்கேஜ் ஜேசன்ல எழுதின கமாண்டுகளுக்கு ஆக்டிவேஷன் தானா நடக்கும். அதுக்கு முந்தின வெர்ஷன்ல ஆக்டிவேஷன் ஈவெண்ட்ஸ் கீழ ஒவ்வொரு கமாண்டுக்கும் "ஆன்கமாண்ட்"னு நீங்களே எழுதணும். புது எடிட்டர் "இது தேவையில்லை"ன்னு மஞ்சக் கோடு போடும், கேக்காதீங்க, எழுதி வைங்க.

8. பேக் பண்றதுக்கு முன்னாடி உள்ள என்ன போகுதுன்னு பாருங்க

பேக் பண்ணவும் வெளியிடவும் விஎஸ்சிஇன்னு ஒரு கருவி இருக்கு, "விஎஸ்சிஇ பேக்கேஜ்"னு அடிச்சா .விஎஸ்ஐஎக்ஸ் ஃபைல் வரும். அது வெறும் ஜிப், யார் வேணாலும் திறந்து பாக்கலாம். நான் டெஸ்டுக்குன்னு பட்டறையோட நெச புரோகிராம் பதினஞ்சை ஒரு ஃபோல்டர்ல வெச்சிருந்தேன், கஸ்டமர் டிராயிங் நம்பரோட. அது அப்படியே பேக்கேஜுக்குள்ள போயிருந்துச்சு. நல்ல வேளையா வெளியிடறதுக்கு முந்தின நாள் "விஎஸ்சிஇ எல்எஸ்" அடிச்சுப் பார்த்தேன், உள்ள போற ஃபைல் பட்டியல் முழுசா வந்துச்சு. ஜாப் ஒர்க்ல கஸ்டமர் நம்பிக்கை போனா ஆர்டர் போச்சுங்க. டெஸ்ட் ஃபோல்டரை விஎஸ்கோட்இக்னோர் ஃபைல்ல சேருங்க, டெஸ்டுக்கு நீங்களே எழுதின பொய் புரோகிராமை வைங்க.

யோ கோட் கொடுத்த ரீட்மியை அப்படியே விட்டிருந்தா பேக் ஆகாது, மாத்தி எழுதுங்க. ரீட்மில படம் போட்டா எச்டிடிபிஎஸ் லிங்கா இருக்கணும்.

9. மார்க்கெட்பிளேஸ்

பப்ளிஷர் ஐடியை அப்பறம் மாத்த முடியாது, ரோசனை பண்ணி வைங்க. பேரை மாத்தலாம், ஐடியை முடியாது.

டோக்கன்லதான் எல்லாரும் மாட்டறாங்க. அசூர் டெவ்ஆப்ஸ்ல பர்சனல் ஆக்சஸ் டோக்கன் நான் எடுத்தப்ப ஆர்கனைசேஷன்ங்கற இடத்துல "ஆல் ஆக்சசிபிள் ஆர்கனைசேஷன்ஸ்"னு தேர்வு பண்ண வேண்டியிருந்துச்சு, நம்ம ஆர்கனைசேஷன் பேர் தானா வந்து நிக்கும், அதை அப்படியே விட்டுட்டா 401, 403ன்னு எரர் வந்துச்சு, காரணம் சொல்லலை. ஸ்கோப்ல எல்லா ஸ்கோப்பையும் காட்டச் சொல்லி, கீழ போய் மார்க்கெட்பிளேஸ்ல "மேனேஜ்" டிக் பண்ணுங்க. டோக்கன் ஒரே ஒருவாட்டிதான் திரையில வரும், அப்பவே பத்திரமா வைங்க, கிட்ல மாத்திரம் ஏத்திடாதீங்க. அதிகபட்சம் ஒரு வருசம்தான் செல்லும், காலாவதி தேதியை போன் காலண்டர்ல போட்டுடுங்க.

பிறகு "விஎஸ்சிஇ பப்ளிஷ்". சோதனை முடிஞ்சு பக்கத்துல வர எனக்கு கால் மணி நேரத்துக்குள்ள ஆச்சு. ஒருவாட்டி போட்ட வெர்ஷன் நம்பரை மறுபடி போட முடியாது, சின்ன எழுத்துப்பிழைக்குக் கூட நம்பரை ஏத்தணும். நம்பர் மூணு பகுதியாத்தான் இருக்கணும், பின்னாடி பீட்டான்னு சேர்க்க முடியாது. எடுக்கணும்னா மார்க்கெட்பிளேஸோட மேனேஜ் பக்கத்துல போய் "அன்பப்ளிஷ்" பண்ணுங்க, "ரிமூவ்" பண்ணாதீங்க, ரிமூவ்ல டவுன்லோடு கணக்கு எல்லாம் திரும்பி வராம போயிரும்.

விஎஸ்கோடியம், கர்சர் மாதிரி விஎஸ் கோட்ல இருந்து வந்த எடிட்டர் வெச்சிருக்கறவங்களுக்கு மைக்ரோசாஃப்ட் மார்க்கெட்பிளேஸ் கிடையாது, ஓபன் விஎஸ்எக்ஸ்ல தனியா போடணும். எக்லிப்ஸ் அக்கவுண்ட் திறந்து, அவங்க பப்ளிஷர் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு, நேம்ஸ்பேஸ் உருவாக்கி, "ஓவிஎஸ்எக்ஸ்" கருவியில அனுப்பணும். அதுவும் இலவசம், ஒரு மணி நேர வேலை.

10. நெட் இல்லாத பட்டறையில ஏத்தறது

மெஷின் பக்கத்துல நெட் இருக்காது, இருக்கவும் வேண்டாம். .விஎஸ்ஐஎக்ஸ் ஃபைலையும் 1.70 இன்ஸ்டாலரையும் பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போங்க. எக்ஸ்டென்ஷன் பேனல்ல மேல மூணு புள்ளியைத் தட்டுனா "இன்ஸ்டால் ஃப்ரம் விஎஸ்ஐஎக்ஸ்"னு வரும். அப்டேட் செட்டிங்கை ஆஃப் பண்ணி வைங்க.

ஏத்தின அன்னிக்கே கிளம்பி வந்துடாதீங்க. ரெண்டு ஷிஃப்ட் ஆளுங்க கையிலயும் கொடுத்து, அவங்களுக்குத் தெரிஞ்ச பழைய மாற்றம் ஒண்ணைப் போட்டு "இதுல எது மாறியிருக்கு சொல்லுங்கண்ணா"ன்னு கேளுங்க. அவங்க சொன்னதும் திரையில வர்றதும் ஒத்துப் போறது வரைக்கும் பக்கத்துலயே இருங்க. புள்ளி எடுத்த ஃபைல் ஒண்ணு, பி நம்பர் தப்பா இருக்கற ஃபைல் ஒண்ணு, சாய்கோடு போட்ட ஃபைல் ஒண்ணு, மூணையும் வேணும்னே வெச்சுப் பாருங்க, மூணும் சிவப்பா வரணும். ஒண்ணு வரலைன்னாலும் அன்னிக்கு அன்இன்ஸ்டால் பண்ணிட்டு வந்துடுங்க.

எந்த கம்ப்யூட்டர்ல எந்த வெர்ஷன்னு மெஷின் லாக் புக்குலயே தேதியோட எழுதுங்க. புது வெர்ஷன் கொண்டு போறப்ப பழைய .விஎஸ்ஐஎக்ஸும் அதே பென்டிரைவ்ல இருக்கட்டும், புதுசுல தப்புன்னா அடுத்த ஷிஃப்ட் ஆரம்பிக்கறதுக்குள்ள பழசை ஏத்திடலாம்.